துண்டுச்சீட்டு யாரிடம் இருக்க வேண்டும்? லினக்ஸ் கணினிக்கு வீட்டு பிராட்பேண்ட்

தென்காசியில் இருக்கும் மச்சினன் வீட்டுக்குப் போன மாதம் ஃபைபர் லைன் வந்தது. லைன்மேன் சுவரில் பெட்டியை மாட்டி, பச்சை லைட் எரிவதைக் காட்டி, ஒரு துண்டுச்சீட்டில் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார். இவன் மடிக்கணினியைத் திறந்ததும் திரையைப் பார்த்தவர், "இது விண்டோஸ் இல்லையா? இதுல வராது சார், விண்டோஸ் போட்டுட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று ராத்திரி எனக்கு போன்.

"அத்தான், இந்தச் சீட்ட லினக்ஸ்ல எங்க போடணும்?"

"மாப்ள, உன் போன்ல வைஃபை வருதா?"

"வருது. டிவிலயும் படம் ஓடுது."

"அப்ப சீட்ட அவரே பெட்டிக்குள்ள போட்டுட்டுத்தான் போயிருக்காரு. நீ எங்கயும் போட வேண்டாம். வயரைச் சொருகு, போதும்."

அதோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு. ஆனால் அவன் எனக்கு போன் போடுவதற்கு முன்பே இணையத்தில் தேடி, லினக்ஸில் பிராட்பேண்ட் அமைப்பது எப்படி என்று நாலைந்து பக்கம் படித்துவிட்டான். எல்லாம் பதினைந்து வருடத்துக்கு முந்தைய பக்கங்கள். அதில் சொன்னபடி நெட்வொர்க் அமைப்பில் 'டிஎஸ்எல்' என்று புது இணைப்பு ஒன்றை உண்டாக்கி, சீட்டில் இருந்ததையெல்லாம் அதில் நிரப்பியிருக்கிறான். அந்த இணைப்பைச் சொடுக்கும்போதெல்லாம், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சாதாரண வயர் இணைப்பும் அறுந்துபோனது. இரண்டுக்கும் ஒரே ஈதர்நெட் கார்டுதான். ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே. "பாத்தியா, லினக்ஸ்ல வராதுன்னு அவரு சொன்னது சரிதான்" என்று முடிவுக்கே வந்துவிட்டான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு, விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். மச்சினனும் அப்படி வந்தவன். அவர்களில் பலர் இதே இடத்தில் முட்டிக்கொள்வதால் இதை விரிவாக எழுதுகிறேன். 'லினக்ஸில் நெட் வருமா' என்பது கேள்வியே இல்லை, வரும். அந்தச் சீட்டைப் பெட்டியிடம் கொடுப்பதா, கணினியிடம் கொடுப்பதா, நாமே வாங்கிய ரௌட்டரிடம் கொடுப்பதா என்பதுதான் தீர்மானிக்க வேண்டியது.

சீட்டு எதற்கு

பழைய டயல்-அப் காலத்தில் போன் போட்டு, பெயர் சொல்லி, கடவுச்சொல் கொடுத்து உள்ளே போவோம் அல்லவா? அதே நடைமுறையை ஈதர்நெட் வயரின் மேல் ஏற்றியதுதான் பிபிபிஓஇ (PPPoE). 1999-இல் ஆர்எஃப்சி 2516 என்ற எண்ணுள்ள இணைய விதிமுறை ஆவணத்தில் எழுதி வைத்தார்கள், இன்றுவரை ஓடுகிறது. நம் பக்கத்துச் சாதனம் முதலில் "அங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று லைனில் கத்தும். இதற்குப் பேடி என்று பெயர். மறுமுனைச் சர்வர் "இருக்கிறேன்" என்று பேடோ அனுப்பும். இன்னொரு சுற்றுப் பரிமாற்றம் முடிந்து இணைப்புக்கு ஓர் எண் கிடைத்த பிறகுதான் யூசர் ஐடி, பாஸ்வேர்டு சரிபார்க்கப்படும். கத்துகிற சாதனம் எதுவோ, சீட்டு அதன் கையில் இருக்க வேண்டும்.

எல்லா நிறுவனத்திலும் இந்தச் சீட்டு கிடையாது. ஜியோஃபைபரில் பெட்டியே அடையாளம். நாம் டயல் செய்ய ஒன்றுமில்லை. சில இடங்களில் உலாவியைத் திறந்தால் ஒரு நுழைவுப் பக்கம் வரும், அதற்கு எந்த இயங்குதளமாக இருந்தாலும் ஒன்றுதான். பிஎஸ்என்எல் ஃபைபரிலும், ஊர்க் கேபிள்காரர்கள் தரும் பல இணைப்புகளிலும் சீட்டு உண்டு. கீழே வருவது பெரும்பாலும் அவர்களுக்கானது.

கணினியே டயல் செய்த காலம்

மச்சினன் படித்த பக்கங்கள் பொய் சொல்லவில்லை. அவை வேறு காலத்துக்கு எழுதப்பட்டவை. பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது 2005 ஜனவரியில். அதற்கு முந்தைய வருடம் வந்த பிராட்பேண்ட் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்குப் பெயர் பிராட்பேண்ட். வீட்டில் ஒரே ஒரு கணினி, தொலைபேசிக் கம்பி வழியாக நெட் வாங்கும் ஒரே ஒரு ஏடிஎஸ்எல் மோடம். மோடத்தில் யுஎஸ்பி துளையும் இருக்கும், ஈதர்நெட் துளையும் இருக்கும். பொருத்த வருபவர் யுஎஸ்பியில் சொருகி, விண்டோஸ் டிரைவர் சிடியைப் போட்டுவிட்டுப் போவார். லினக்ஸ்காரர்கள் அதைப் பிடுங்கி ஈதர்நெட்டில் மாட்டினாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு மோடத்தில் போட வேண்டிய விபிஐ 0, விசிஐ 35 என்ற இரண்டு எண்கள். அந்தத் தலைமுறை இன்னும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

டெபியனிலும் உபுண்டுவிலும் பிபிபிஓஇ-கான்ஃப் என்றொரு நிரல் இருந்தது, இன்றும் இருக்கிறது. டெர்மினலில் ஓட்டினால் நீலத் திரை ஒன்று வரும். முதலில் எந்தக் கார்டின் வழியாகச் சர்வர் பதில் சொல்கிறது என்று தேடும். கிடைத்தால் ஐடி கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும், பிறகு வரிசையாக ஆமா, ஆமா என்று தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். அதன்பின் இணைக்க 'பான்', துண்டிக்க 'பாஃப்', என்ன நடந்தது என்று பார்க்க 'பிளாக்'. மூன்றே கட்டளை.

அப்போது கணினியிலிருந்தே டயல் செய்ததற்கு ஒரு நல்ல காரணமும் இருந்தது. மெகாபைட் கணக்கில் காசு. சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் நான் இரண்டு வரி எழுதி வைத்திருந்தேன்: 2.05-க்குப் பான், 7.55-க்குப் பாஃப். நடுவில் டாரன்ட் தானாக ஓடும். இரண்டு பக்கமும் அந்த ஐந்து நிமிட இடைவெளி எதற்கென்றால், என் கணினிக் கடிகாரமும் அவர்கள் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் பில்லில் தெரியும் என்பதற்காக. ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோவின் (மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) சிடி பிம்பம் இரண்டு இரவில் வந்து சேரும். பெட்டி டயல் செய்தால் இந்தக் கட்டுப்பாடு கையில் இருக்காது. எப்போதும் இணைந்தே கிடக்கும். ஆகவே மோடத்தைத் தான் டயல் செய்யாமல் வெறும் பாலமாக மட்டும் நிற்கும் பிரிட்ஜ் முறையில் வைத்து, கணினியை டயல் செய்யவிட்டோம்.

இன்று அந்தக் காரணம் போய்விட்டது. போன், டிவி, கேமரா என்று எல்லாமும் நெட் கேட்கிறது. கணினியிடம் சீட்டைக் கொடுத்தால் கணினி அணைந்திருக்கும் நேரமெல்லாம் வீட்டில் யாருக்கும் நெட் இல்லை. கணினியிலிருந்து மற்றவற்றுக்குப் பகிரலாம், லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் அதற்கு வழி உண்டு. ஆனால் மாமியார் சீரியல் பார்க்க என் கணினி விழித்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு எத்தனை நாள் ஓடும்?

அதைவிட எரிச்சலான இடைஞ்சல்கள் உண்டு. மடிக்கணினியை மூடினால் அது தூங்கும். பிபிபிஓஇ இணைப்பு சொல்லாமல் கொள்ளாமல் அறும். மறுமுனைச் சர்வருக்கோ நாம் இன்னும் உள்ளேதான் இருக்கிறோம் என்று நினைப்பு. திறந்து மறுபடி டயல் செய்தால், ஒரு ஐடிக்கு ஒரு இணைப்புதான் என்று வைத்திருக்கும் நிறுவனங்களில், பழையது காலாவதியாகும் வரை உள்ளே விடாது. சில நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

அடுத்து, 8 பைட் விவகாரம். ஈதர்நெட் பாக்கெட் ஒன்று 1500 பைட் சுமக்கும். பிபிபிஓஇ தன் தலைப்பகுதிக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. டயல் செய்யும் கணினிக்கு இந்தக் கணக்கு தெரியும். அதன் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் மற்ற சாதனங்களுக்குத் தெரியாது. விளைவு விநோதமாக இருக்கும். பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகும், ஒரு தளம் திறக்கும், இன்னொரு தளம் பாதியில் அப்படியே நிற்கும். வங்கித் தளம் மட்டும் திறக்கவில்லை, வங்கியில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்போம். டிசிபி இணைப்பு தொடங்கும்போதே பாக்கெட் அளவைக் குறைத்துச் சொல்லும் ஒரு விதியை ஃபயர்வாலில் சேர்த்தால் சரியாகும். ரௌட்டர் என்று விற்கப்படும் பெட்டிகள் இதைத் தாமாகவே செய்துவிடுகின்றன. கணினியை ரௌட்டராக்கினால் நாம்தான் நினைவு வைத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பும் யோசிக்க வேண்டியதே. டயல் செய்த கணினி நேராகத் தெருவில் நிற்கிறது. லினக்ஸ் மின்ட்டில் ஃபயர்வால் கூடவே வருகிறது, ஆனால் அணைத்த நிலையில் வரும். இன்று பல நிறுவனங்கள், பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் நாட் (NAT) என்ற ஏற்பாட்டுக்காக, 100.64 போன்று தொடங்கும் உள் முகவரியைத்தான் தருகின்றன, ஆகவே பழைய முகவரி முறையான ஐபிவி4 வழியாக வெளியிலிருந்து யாரும் நேராகக் கதவைத் தட்ட முடியாது. புதிய முறையான ஐபிவி6 வந்துவிட்டால் அந்த மறைப்பு இல்லை. இந்த ஏற்பாட்டில் இருப்பவர்கள் வேறெதற்கும் முன் ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கணினியிலேயே டயல் செய்ய வேண்டிய கட்டாயம் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு முறையைக் கலக்காதீர்கள். பிபிபிஓஇ-கான்ஃப் தன் அமைப்பை இன்டர்ஃபேசஸ் என்ற பழைய கோப்பில் எழுதும். அதில் பெயர் ஏறிய கார்டை நெட்வொர்க் மேனேஜர் 'என் பொறுப்பில்லை' என்று கைகழுவிவிடும். நெட்வொர்க் மேனேஜரிலேயே செய்வது மேல். க்னோம் என்ற திரைச்சூழலின் அமைப்புகள் பக்கத்தில் டிஎஸ்எல் என்ற சொல்லே கண்ணில் படாது. நெட்வொர்க் மேனேஜரின் இணைப்புத் தொகுப்பான் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து கூட்டல் குறியை அழுத்தினால் பட்டியலில் இருக்கும். கேடிஇ திரைச்சூழலில் வழக்கமான அமைப்புப் பக்கத்திலேயே உண்டு.

பெட்டியிடமே விட்டுவிடுவது

இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுதான் இதன் சிறப்பு. பெட்டி டயல் செய்கிறது, கணினிக்கு 192.168-இல் தொடங்கும் முகவரி ஒன்றைத் தருகிறது. லினக்ஸில் நாம் தொட வேண்டியது எதுவுமில்லை. நிறுவிய வட்டிலிருந்து முதன்முறை எழும்போதே நெட் வந்துவிடும். லைன்மேனுக்கு விண்டோஸ் கணினி தேவைப்பட்டதே பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கத்தான். அதற்கு எந்த உலாவியும் போதும், போனும் போதும். இன்னொன்று, அவர் மாட்டிவிட்டுப் போகும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவதே லினக்ஸ்தான். 'லினக்ஸில் வராது' என்று சொன்னவருக்கு இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வதென்று மச்சினனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

குறை என்றால், பெட்டி நம்முடையதல்ல. அமைப்புப் பக்கத்தின் முழு அதிகாரக் கடவுச்சொல்லைப் பல இடங்களில் தர மாட்டார்கள். மலிவான பெட்டியாக இருந்தால் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், அதுவும் அடுத்த அறைக்குப் போகும்போது மூச்சு வாங்கும். இவை உறுத்தாதவர்கள் சீட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுக் கீழே 'கடைசிப் பத்தடி'க்குத் தாவிவிடலாம். மச்சினனுக்கு நான் சொன்னது இதைத்தான்.

சொந்த ரௌட்டர்

என் வீட்டில் ஏற்பாடு வேறு. பெட்டி பிரிட்ஜ் முறையில் இருக்கிறது. ஒளியை மின்சாரமாக்குவதோடு அதன் வேலை சரி. பக்கத்தில் நான் வாங்கிய ரௌட்டரில், ரௌட்டர்களுக்கென்றே உள்ள லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி. சீட்டு அதன் கையில்.

ஓப்பன்டபிள்யூஆர்டியின் பிறப்பே ஒரு லினக்ஸ் கதை. லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, மூலநிரலைப் பகிரச் சொல்லும் ஜிபிஎல் உரிமப்படி அதை 2003-இல் வெளியிட வேண்டியதாயிற்று. அதை அடித்தளமாக வைத்து 2004-இல் கிளம்பிய திட்டம். பெயரிலும் அந்த ரௌட்டரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதனால் எனக்கு என்ன ஆதாயம்? பெரிதாக ஒன்றே ஒன்றைச் சொல்வேன்: கேக். தின்கிற கேக் அல்ல, 2018-இல் லினக்ஸின் மையமான கெர்னலின் 4.19 பதிப்பில் சேர்ந்த வரிசை ஒழுங்கு முறை. வீட்டில் ஒருவர் போட்டோக்களை மேகத்துக்கு ஏற்றும்போது இன்னொருவரின் வீடியோ அழைப்பு குழறுகிறதே, அதற்கு மருந்து. லைனின் வேகத்தில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை உச்சவரம்பாகக் கொடுத்தால், வரிசை மறுமுனையில் தேங்காமல் நம் ரௌட்டரிலேயே நிற்கும், அதைக் கேக் நியாயமாகப் பங்கிடும். 40, 50 மெகாபிட் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது தரும் வித்தியாசம், திட்டத்தை உயர்த்தினால்கூட வராது என்பது என் அனுபவம். 300 மெகாபிட் வைத்திருப்பவர்கள் இதற்காக மலிவு ரௌட்டர் வாங்க வேண்டாம். அதன் செயலி தாங்காது, வேகம்தான் குறையும்.

ஆனால் இதற்கு உழைப்பு அதிகம். முதலில், பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற நிறுவனம் சம்மதிக்க வேண்டும். ஒரே லைனில் ஓடும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் விலான் (VLAN) எண் எது என்று கேட்டு வாங்க வேண்டும். பிஎஸ்என்எல் ஃபைபரில் அது இடத்துக்கு இடம் மாறும். இரண்டாவது, ரௌட்டர் வாங்கும்போது மாதிரிப் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அடியில் ஒட்டிய லேபிளில் 'வி1', 'வி4' என்று பதிப்பு எண் இருக்கும். பதிப்பு மாறினால் உள்ளே சிப்பே மாறிவிடும். 8 மெகாபைட் ஃபிளாஷ், 64 மெகாபைட் ராம் உள்ளவை இப்போது விளிம்பில் நிற்கின்றன. 16-க்கு 128 இருந்தால் நிம்மதி.

மூன்றாவது, கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று மடிக்கணினிக்குப் பேட்டரி உண்டு, பெட்டிக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்தால் நெட் நிற்காது. இரண்டு பெட்டி என்றால் இரண்டுக்கும் தீனி போட வேண்டும், ஒன்று 12 வோல்ட்டும் இன்னொன்று 9 வோல்ட்டுமாக இருந்தால் யுபிஎஸ் வாங்கும்போது அதையும் பார்க்க வேண்டும். அவசரத்தில் பின் மாற்றிச் சொருகினால் ரௌட்டர் போய்ச் சேரும்.

நிறுவனம் பிரிட்ஜ் தராவிட்டாலோ, சீட்டே இல்லாத இணைப்பாக இருந்தாலோ, சொந்த ரௌட்டரைப் பெட்டிக்குப் பின்னால் வெறும் வைஃபை பரப்பியாக வைத்துக்கொள்ளலாம். ரௌட்டரின் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்துவிட்டு, வயரை அதன் லேன் (வீட்டுப் பக்கத்து) துளையில் சொருகினால் போதும். வேன் (வெளிப் பக்கத்து) துளையில் சொருகினால் ஒரு நாட் (NAT) உள்ளே இன்னொரு நாட் உட்கார்ந்துகொள்ளும். உலாவும்போது தெரியாது, விளையாட்டிலும் வீட்டுக்கு வெளியிலிருந்து கேமரா பார்ப்பதிலும் தெரியும்.

வயரில்லாமல் 5ஜி அலையில் வரும் ஏர்ஃபைபர் வகையறாவும் லினக்ஸ் கணினியின் பார்வையில் இன்னொரு ரௌட்டர்தான். தேர்வில் தனியாக நிறுத்த வேண்டியதில்லை.

கடைசிப் பத்தடி

சீட்டு யாரிடம் என்பது தீர்ந்தாலும், பெட்டியிலிருந்து கணினிவரை உள்ள பத்தடி பாக்கி. லினக்ஸில் உண்மையான தொல்லை வந்தால் இங்கேதான் வரும்.

வயர்தான் என் முதல் சிபாரிசு. சாதாரண ஈதர்நெட் கார்டுகளுக்கு வேண்டிய டிரைவர் எல்லாம் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் வயரைச் சோதித்துப் பாருங்கள். திட்டம் 200 மெகாபிட், வேகச் சோதனையில் எத்தனை தடவை பார்த்தாலும் 94 என்று வருகிறதா? நிறுவனத்தைத் திட்டாதீர்கள், குற்றவாளி வயர். 100 மெகாபிட் ஈதர்நெட்டில் தலைப்புகள் போக மிஞ்சும் அளவு அது. எத்டூல் கட்டளையில் கார்டின் பெயரைக் கொடுத்துப் பார்த்தால் 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று நிற்கும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நாலு போதும். ஒரு வயரைப் பிரித்து இரண்டு இடத்துக்குக் கொடுத்திருந்தாலோ, கிரிம்ப் செய்தபோது ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் போனாலோ இப்படித்தான். பெட்டியின் துளையே 100 மெகாபிட்டாக இருக்கவும் கூடும், லேபிளைப் பாருங்கள்.

வைஃபை என்றால் சிப்பைப் பொறுத்தது. இன்டெல் சிப் இருந்தால் கவலை இல்லை. பழைய பிராட்காம் சிப்புகளுக்குத் தனி ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் நிரல்) வேண்டும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் நிறுவல் வட்டிலேயே சேர்ந்து வருவதால் முன்பிருந்த அவதி பாதியாகக் குறைந்தது. ரியல்டெக் சிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு குணம். புதிய கெர்னல்களில் நிறையச் சரியாகிவிட்டன; பழைய கெர்னலில் இருப்பவர்கள் முதலில் கெர்னலை மாற்றிப் பார்க்கலாம்.

மச்சினனின் மடிக்கணினியில் வைஃபை இருந்தும் ஹாலைத் தாண்டினால் திணறியது. அதற்கென்று ஆன்லைனில் ஒரு யுஎஸ்பி வைஃபை குச்சி வாங்கினான். அது வந்த அட்டைப்பெட்டி மேல் பெங்குவின் படமும் 'லினக்ஸ்' என்ற எழுத்தும். சொருகியதும் கணினி அதைக் குறுந்தட்டு இயக்கி என்று காட்டியது. விண்டோஸ் டிரைவரைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் வகை அது. முதலில் சிடி வேஷம் போட்டு டிரைவரைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் வைஃபையாக மாறும். ஒரு காலத்தில் 3ஜி டாங்கிள்கள் செய்த அதே கூத்து. அந்தச் சிடியை 'வெளியேற்று' என்று சொன்னால் சிலது மாறிவிடும், இல்லாவிட்டால் யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற நிரல் மாற்றிக் கொடுக்கும். இவனுடையது மாறியது, ஆனால் டிரைவர் இல்லை. யாரோ ஒருவர் இணையத்தில் வைத்திருந்த மூலநிரலை இறக்கித் தொகுத்தோம், ஓடியது. பத்து நாளில் கெர்னல் புதுப்பிப்பு வந்தது, நின்றுபோனது. டிகேஎம்எஸ் முறையில் நிறுவியிருந்தால் ஒவ்வொரு கெர்னலுக்கும் தானே மறுபடி தொகுத்துக்கொள்ளும். அவசரத்தில் அதை விட்டது என் தப்பு.

இதற்கு நடுவே ஒரு குறுக்குவழி கைகொடுத்தது. ஆண்ட்ராய்டு போனை வைஃபையில் இணைத்து, யுஎஸ்பி வயரால் கணினியில் சொருகி, யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால், பெரும்பாலான போன்கள் அந்த வைஃபையையே கணினிக்குக் கடத்தும். மொபைல் டேட்டா செலவாகாது. லினக்ஸுக்கு அது ஒரு சாதாரண ஈதர்நெட் கார்டு. டிரைவர் எதுவும் வேண்டாம். புது டிஸ்ட்ரோ போட்ட அன்று வைஃபை எழாவிட்டால், டிரைவரை இறக்குவதற்குத் தேவையான நெட்டை இப்படி வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியில் அவன் வீட்டில் நடந்தது என்னவென்றால், குச்சி மேசை இழுப்பறைக்குப் போனது, கதவு ஓரமாகப் பதினைந்து மீட்டர் கேட்-6 வயர் ஓடியது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போகும்போது மட்டும் பழைய வைஃபை. அதிலும் அடிக்கடி ஒரு நொடி நின்று நின்று வந்தது. உபுண்டு வழிவந்த டிஸ்ட்ரோக்களில் வைஃபையின் மின்சேமிப்பு ஆன் செய்யப்பட்டே வரும். நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் பவர்சேவ் என்ற வரியில் 3 இருப்பதை 2 ஆக்கியதும் அந்தத் திணறல் நின்றது.

லைன்மேனிடம் என்ன சொல்வது

நெட் போனால் 'லினக்ஸ்தான் காரணம்' என்பது முதல் பதிலாக வரும். வாயை அடைக்க ஆதாரம் வேண்டும். பெட்டியில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் பேச்சே இல்லை, ஒளி வரவில்லை. அணில் கடித்திருக்கும், இல்லை லாரி உரசியிருக்கும். பச்சையாக இருந்து அறுந்து அறுந்து வந்தால், பெட்டியின் நிலைப் பக்கத்தில் ஒளி அளவு எத்தனை டிபிஎம் என்று பாருங்கள். வீட்டு ஃபைபரில் பரவலான ஜிபான் வகைப் பெட்டிகளுக்கு -27 என்பது எல்லைக்கோடு. -20-ஐ ஒட்டி இருந்தால் நலம், -27-ஐ நெருங்கினால் எங்கோ வளைந்திருக்கிறது அல்லது ஒட்டு சரியில்லை. "டிபிஎம் -28 காட்டுது" என்று போனில் சொன்னால் வருகிறவரின் தொனியே மாறிவிடும்.

ஒளி சரியாக இருந்தால் மூன்று பிங். முதலில் 192.168.1.1, அதாவது பெட்டி. சில பெட்டிகளில் இந்த எண் வேறாக இருக்கும். பதில் வராவிட்டால் நம் வயர். அது வந்து 8.8.8.8 வராவிட்டால் பெட்டிக்கு அப்பால். அதுவும் வந்து தளத்தின் பெயர் மட்டும் திறக்காவிட்டால், பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்.

சொந்த ரௌட்டர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே அந்தப் பழைய முறை பயன்படும். என் மடிக்கணினியில் டிஎஸ்எல் இணைப்பு ஒன்றைத் தானாக இணையாதபடி இன்றும் வைத்திருக்கிறேன். நெட் போனால் ரௌட்டரின் வேன் வயரைப் பிடுங்கிக் கணினியில் சொருகி, டயல் செய்து பதிவைப் பார்ப்பேன். ரௌட்டர் பெட்டிக்கு விலான் குறியோடு அனுப்பும் ஏற்பாடு என்றால் கணினியிலும் அதே எண்ணில் ஒரு விலான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். 'டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் பேடோ' என்று வந்தால் நாம் கத்தியது யார் காதிலும் விழவில்லை: லைன், விலான், அல்லது அவர்கள் சர்வர். பேடோ வந்து 'ஆதன்டிகேஷன் ஃபெயில்ட்' என்றால் சீட்டில் கோளாறு, அல்லது பில் கட்டவில்லை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ரௌட்டரைப் பிரித்து மேய்ந்துவிட்டு, கடைசியில் இப்படிப் பார்த்தபோதுதான் இரண்டாவது என்று தெரிந்தது. பில் கட்டாதது நான்தான்.

மச்சினன் வீட்டுச் சீட்டை டிவி ஸ்டாண்டின் உள்கதவில் செலோடேப் போட்டு ஒட்டச் சொன்னேன், பக்கத்திலேயே விலான் எண்ணையும் எழுதி. பெட்டியின் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் துளை இருக்கிறது. அவன் பையனுக்கு நாலு வயது.